ஆயுத பூஜைக்கு ஓய்வெடுத்த பம்ப்

மைசூரில் எங்கள் குடியிருப்பின் நீச்சல் குளத்துக்குத் தானாக மருந்து சேர்க்கும் கருவி வாங்க வேண்டும் என்று பொதுக்குழுவில் எழுந்து பேசியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் செயலாளர் இன்றைக்கும் லிஃப்டில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் "சார்தானே கேட்டார்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆமாம், கேட்டேன். கருவியைத்தான் கேட்டேன். அதன் கையையும் காலையும் கட்டிப்போட்டு, கழுத்தில் செவ்வந்தி மாலை போட்டு, கற்பூரம் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை.

கேட்டதற்குக் காரணம் என் மனைவியின் முழங்கால்கள். இரண்டும் தேய்ந்துவிட்டன. மாற்று மூட்டு வைக்க அவளுடைய இதயம் இடம் கொடுக்காது என்று டாக்டர்கள் கைவிரித்த பிறகு, ஒருவர் மட்டும் தண்ணீரில் நடந்து பாருங்கள் என்றார். தரையில் சுவரைப் பிடிக்காமல் சமையலறை வரை போக முடியாதவள், இடுப்பளவு தண்ணீரில் தனியாக, கைகளை வீசி நடந்தாள். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு நான் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டேன். நடந்து முடித்ததும் மேற்குச் சுவரை ஒட்டிப் போய் நிற்பாள். சுத்தம் செய்த தண்ணீர் குளத்துக்குத் திரும்பி வரும் குழாய் வாய் அங்கே கொஞ்சம் தாழ்வாக இருக்கிறது. தண்ணீர் வேகமாக வந்து மூட்டில் மோதும். "எண்ணெய் போட்டு யாரோ பிடிச்சு விடற மாதிரி இருக்குங்க" என்பாள். வேறு யாராவது அங்கே நின்றிருந்தால் வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு என் இடத்துல யாரோ நின்னுட்டாங்க" என்று குறைப்பட்டுக்கொள்வாள். அந்த இடம் அவளுக்குக் கோயில் நடை மாதிரி.

கருவி வருவதற்கு முன்னால் குளத்துக்கு மருந்து போட்டது குளத்துக்காரர். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும், நல்ல மனிதர். எந்தக் கணக்கில் குளோரின் போடுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"கணக்கு என்னங்க கணக்கு. கண்ணு எரியுதுன்னு நாலு பேரு சொன்னா குறைச்சுக்குவமுங்க. தண்ணி பச்சையாச்சுன்னா கூட்டிக்குவமுங்க."

அதாவது குடியிருப்பவர்களின் கண்கள்தான் அவருடைய அளவுகருவி. அதில் இரண்டு கண்கள் என் மனைவியுடையவை. வேலை பார்த்த காலம் முழுவதும் ஒரு காகித ஆலையில் பாதுகாப்புப் பிரிவில் இருந்தவன் நான். கூழை வெளுக்க அங்கே குளோரின் வாயுதான். அந்த வாயு இன்னது செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் கருவி கேட்டேன்.

கருவி வந்தது. பொருத்துவதற்குப் பெங்களூரிலிருந்து கம்பெனி இன்ஜினியர் ஒருவர் வந்தார். எனக்கு ஒன்றும் தெரியாது என்ற நம்பிக்கையோடு வந்தார்; பாவம், மாலைக்குள் அந்த நம்பிக்கை போய்விட்டது.

இந்தக் கருவி ஒன்றும் மாயமில்லை. சுவரில் ஒரு பெட்டி. அதன் கீழே கண்ணாடிபோன்ற ஒரு கிண்ணம். குளத்துத் தண்ணீரில் கொஞ்சம் அதன் வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். கிண்ணத்தில் பேனா கனத்தில் இரண்டு சென்சார்கள் முங்கியிருக்கும். ஒன்று தண்ணீரில் அமிலம் கூடியதா குறைந்ததா என்று பார்க்கும், இன்னொன்று குளோரினுக்கு வீரியம் இருக்கிறதா என்று பார்க்கும். குறைந்தால், பெட்டி இரண்டு குட்டி பம்புகளை இயக்கும். ஒன்று ஆசிட் கேனிலிருந்தும் மற்றது குளோரின் திரவக் கேனிலிருந்தும் உறிஞ்சி, குளத்துக்குப் போகும் குழாயில் சொட்டுச் சொட்டாகச் செலுத்தும்.

ஒரே ஒரு ஆபத்து உண்டு. இந்த இரண்டு திரவங்களும் அப்படியே ஒன்றோடொன்று கலந்தால் குளோரின் வாயு பிறக்கும். ஓடுகிற தண்ணீரில் சொட்டினால் கரைந்து போய்விடும், கவலையில்லை. பெரிய பம்ப் நின்று, குழாயில் தண்ணீர் தேங்கிக் கிடக்கும்போது சொட்டினால், இரண்டும் அங்கேயே சந்தித்துக்கொண்டு காத்திருக்கும். அடுத்து யாராவது பம்பைப் போட்டால் எல்லாம் ஒரே மூச்சில் குளத்துக்குள் வரும். எங்கே வரும் என்று சொல்லத் தேவையில்லை. மேற்குச் சுவரில், அந்தக் குழாய் வாயில்.

இதைத் தடுக்கத்தான் கிண்ணத்துக்குள் ஒரு சிறு மிதவை வைத்திருக்கிறார்கள். தண்ணீர் ஓடினால் மேலே நிற்கும், நின்றால் விழும். விழுந்ததும் குட்டி பம்புகள் நின்றுவிட வேண்டும், பெட்டி அலற வேண்டும். ஒரு விரல் நுனி அளவு பிளாஸ்டிக். மொத்தக் கருவியிலும் உயிர்காப்பது அது ஒன்றுதான்.

இன்ஜினியர் சென்சார்களைச் சரிபார்க்க இரண்டு அளவுத் திரவங்கள் கொண்டுவர வேண்டியவர், ஒன்றைத்தான் கொண்டுவந்திருந்தார். "கம்பெனியிலேயே செட் பண்ணித்தான் வருது சார்." ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு கோடு போடுகிற கணிதத்தை எந்தக் கல்லூரியில் படித்தீர்கள் என்று கேட்டேன். ஊருக்குள் விஞ்ஞான உபகரணக் கடை ஒன்று எனக்குத் தெரியும். அனுப்பி வாங்கிவரச் செய்தேன். சென்சாரின் கண்ணாடி முனையைக் கைக்குட்டையால் துடைக்கப் போனவரின் கையைப் பிடித்தேன். ஆசிட் கேனையும் குளோரின் கேனையும் அண்ணன் தம்பி மாதிரி பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்ததைப் பிரித்து, நடுவே சுவர் இருக்கும்படி வைக்கச் சொன்னேன். செயலாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். வங்கியிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கியவர். தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்காக மைசூர் வந்த குடும்பம். அவர் தமிழில் பாதிக்கு மேல் கன்னடம் நடந்துபோகும்.

"டிஸ்ப்ளேல ஏழு சில்லறை வருதல்வா சார்? பச்சை லைட்டும் எரியுது. சாக்கு சார், போதும். ஏக்கே, எதுக்கு இவ்வளவு தலெநோவு?"

"பச்சை லைட் எரிய வைக்கிறது சுலபம்" என்றேன். "ஒரு பச்சை லைட் வாங்கினா போதும்."

கடைசியாக, ஓடிக்கொண்டிருந்த பெரிய பம்பை நானே நிறுத்தினேன். மிதவை விழுந்தது. குட்டி பம்புகள் நின்றன. பெட்டி அந்த அறையே அதிரும்படி கத்தியது. செயலாளர் காதைப் பொத்திக்கொண்டார், இன்ஜினியர் ரயிலுக்கு நேரமாகிறது என்றார். அந்த அலறலில் சந்தோஷப்பட்டவன் நான் ஒருவன்தான்.

அன்று மாலையே பம்ப் அறைக்கான விதிகளை எழுதி, கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அச்சடித்துக் கதவில் ஒட்டினேன். பொறுப்பாளர் தவிர வேறு யாரும் உள்ளே நுழையக் கூடாது என்பது முதல் விதி. நல்ல விதி. பிறகு அது யாருக்கு எதிராகப் பயன்பட்டது என்று சொல்கிறேன்.

சில வாரங்கள் தண்ணீர் அருமையாக இருந்தது. என் மனைவி கண் சிவக்காமல் வீட்டுக்கு வந்தாள். பிறகு தசராவுக்கு முந்தைய மழை ஆரம்பித்தது, மழையோடு மின்வெட்டும். மின்சாரம் போனால் எங்கள் ஜெனரேட்டர் லிஃப்டையும் பொது விளக்குகளையும் அந்தப் பெட்டியையும் பார்த்துக்கொள்ளும்; குளத்துப் பம்பைப் பார்த்துக்கொள்ளாது. ஆகவே ஒவ்வொரு மின்வெட்டுக்கும் பம்ப் நின்றது, மிதவை விழுந்தது, பெட்டி கத்தியது. செய்ய வேண்டியதை அது சரியாகச் செய்தது. பம்ப் அறைக்கு மேலே குடியிருப்பவர்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் கத்தினார்கள்: குழந்தை தூங்கவில்லை, ஆன்லைன் மீட்டிங் நடத்த முடியவில்லை, இது வீடா தொழிற்சாலையா.

ஒருநாள் மின்வெட்டு வந்தது, சத்தம் வரவில்லை. நான் நேரே செயலாளர் வீட்டுக்குப் போனேன்.

"பெட்டி ஏன் கத்தலை?"

"அது செட் ஆய்த்து சார். கம்பெனிக்காரன் போன்லயே சொல்லிக்குடுத்துட்டான்."

"என்ன சொல்லிக்கொடுத்தான்?"

"டெக்னிகலா ஏதோ ஒண்ணு. உங்களுக்கு எதுக்கு சார் சும்னே டென்ஷன்? சத்தம் இருந்தாலும் கேக்கறீங்க, இல்லேன்னாலும் கேக்கறீங்க."

"சாவியைக் கொடுங்க. பார்த்துட்டுத் தர்றேன்."

"சாவி குடுக்க ஆகாது சார்." முகத்தில் உண்மையான வருத்தம். "பொறுப்பாளர் தவிர யாரும் உள்ள போகக்கூடாதுன்னு ரூல். கதவுலயே ஒட்டியிருக்கே. நீங்க எழுதினதல்வா?"

நான் கமிட்டிக்கு எழுதினேன். தசரா முடிந்ததும் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்படும் என்று பதில் வந்தது. எங்கள் ஊரில் தசராவுக்கு முந்தைய ஒரு மாதம் எதைக் கேட்டாலும் இதே பதில்தான். அதைக் கேட்டுக்கொண்டு அரண்மனை விளக்குகளைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

ஆயுத பூஜை வந்தது. காலையிலிருந்து குளத்துக்காரர் எல்லாவற்றையும் கழுவினார். கார்களுக்கு வாழைக்கன்று, கேட்டுக்கு மாவிலை, லிஃப்டுக்குச் சந்தனம், ஜெனரேட்டருக்குப் பூசணிக்காய். பம்ப் அறையில் பெரிய பூஜை. எங்களையும் கூப்பிட்டார்கள். என் மனைவி ஊன்றுகோலோடு வந்து வாசலில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தாள். உள்ளே இடமில்லை, என் விதியும் விடாது. நான் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தேன். பெரிய பம்ப் நின்றிருந்தது. அதன் தலையில் செவ்வந்தி மாலை, வயிற்றில் மூன்று பட்டை விபூதி, குங்குமம். அதற்கு மேலே கருவிப் பெட்டி மட்டும் நீல விளக்கோடு ஜொலித்தது. அதற்கும் ஒரு மாலை.

"பம்பை எப்போ திரும்பப் போடுவீங்க?" என்று கேட்டேன்.

"நாளைக்குக் காலையிலதானுங்க" என்றார் குளத்துக்காரர். "இன்னைக்கு அதுக்கு ஓய்வுங்களே. ஆயுதத்தை இன்னைக்குத் தொடக்கூடாதுங்க."

"அந்தப் பெட்டி?"

செயலாளர் பொரியும் கடலையும் ஒரு காகிதத் தட்டில் என் கையில் திணித்தார். "அது ஓடல்லையே சார், சும்மா லைட்டுதானே. ஃபோட்டோக்கு நல்லாருக்குன்னு நான்தான் பேடா, ஆஃப் பண்ண வேணாம் அந்தேன்."

பம்ப் நின்றிருக்கிறது, பெட்டி விழித்திருக்கிறது. இந்த நிலைமைக்காகவே கண்டுபிடித்த மிதவை உள்ளே இருக்கிறது. நானே சோதித்த மிதவை; சத்தத்தை மட்டும்தான் நிறுத்தியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் சொன்னேன், பெட்டியையும் அணைத்துவிடுங்கள் என்று. "ஆகட்டும் சார், ஆகட்டும்" என்றார். அந்த ஆகட்டுமுக்கு இந்த ஊரில் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

மறுநாள் விஜயதசமி. ஊர் முழுக்க ஜம்பூ சவாரி யானை ஊர்வலம் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தது. குளத்தில் என் மனைவி மட்டும்தான். நான் வழக்கமான பெஞ்சில். தண்ணீர் அசையாமல் கிடந்தது; குழாயில் எப்போது வரும் என்ற அவசரத்தில் அவள் முதலில் நடக்கவில்லை. தன் இடத்தில் போய் நின்றுகொண்டு, "இன்னும் வரலை பாருங்க, இவருக்கு லீவு முடியலை போல" என்று குழாய் வாயைக் காட்டிச் சிரித்தாள். பம்ப் அறைக்குள் மணிச் சத்தம் கேட்டது. குளத்துக்காரர் ஓய்வு முடிந்ததற்கு ஒரு கற்பூரம் காட்டிவிட்டு பம்பைப் போட்டார்.

முதலில் காற்றுக் குமிழிகள் வந்தன. எந்த பம்ப் நின்று ஓடினாலும் வருவதுதான். அடுத்து வந்தவை வெறும் காற்று இல்லை. அவை தண்ணீரின் மேல் வந்து உடைந்த இடத்தில் மங்கலான மஞ்சள் பச்சையில் ஒரு படலம் படிந்து நின்றது. வாடை பெஞ்சுக்கு வருவதற்கு முன்னாலேயே எனக்குப் புரிந்துவிட்டது. "பம்பை நிறுத்து!" என்று கத்தினேன். "அந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம்!" என்று அவளிடம் கத்தினேன். தண்ணீரில் யார் ஓட முடியும்? அதுவும் அந்த முழங்கால்களோடு? அவள் திரும்பினாள், இருமினாள், வாயைப் பொத்திக்கொண்டாள், அடுத்த அடி எடுத்து வைக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். படலத்துக்கு நடுவிலேயே.

முகமூடி இல்லாமல் மீட்கப் போகாதே என்று ஆலையில் எத்தனையோ பேருக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். மீட்கப் போனவனும் சேர்ந்து சாவான் என்று படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். நான் செருப்போடு, கைக்கடிகாரத்தோடு, சட்டைப் பையில் கண்ணாடியோடு உள்ளே இறங்கினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளை இடுப்பில் பற்றிக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் இழுத்தேன். குளத்துக்காரர் பம்பை நிறுத்திவிட்டு ஓடிவந்து படியில் அவளைத் தூக்கினார். அவர் கையில் கற்பூர வாசனை. இத்தனைக்கும் நடுவில் அது ஏன் எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று தெரியவில்லை.

ஊர்வலத்துக்காகப் பாதைகளை அடைத்திருந்தார்கள். ஆட்டோ ஊரைச் சுற்றிக்கொண்டு போனது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள், நுரையீரலில் நீர் கோக்கிறதா பார்க்க வேண்டும் என்று மறுநாள் வரை வைத்துக்கொண்டார்கள். எதிர்ச் சுவர் டிவியில் யானை அம்பாரி சுமந்து நடந்தது. நர்ஸ்கள் கூட்டமாக நின்று பார்த்தார்கள். முகத்தில் ஆக்சிஜன் முகமூடியோடு என் மனைவி யானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் போனில் குடியிருப்புக் குழுவின் செய்தி வந்தது. குளத்தில் சிறிய வாசனைப் பிரச்சினை ஏற்பட்டுச் சரிசெய்யப்பட்டது, மூத்த உறுப்பினர் ஒருவருக்கு லேசான அசௌகரியம், அனைவருக்கும் விஜயதசமி வாழ்த்துகள். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். பூசணிக்காய் சரியாக உடையவில்லை, அதனால்தான் திருஷ்டி என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் ஒரு பேராசிரியர்.

அவளை வீட்டில் விட்டுவிட்டு நேராகப் பம்ப் அறைக்குப் போனேன். இந்தத் தடவை சாவி கேட்கவில்லை. குளத்துக்காரர் என் முகத்தைப் பார்த்ததும் தானே திறந்துவிட்டார். பெட்டியைத் திறந்தேன். மிதவையிலிருந்து வரும் இரண்டு ஒயர்களையும் கழற்றிவிட்டு, அவை பெட்டியில் மாட்டியிருந்த இரண்டு முனைகளையும் ஒரு துண்டுச் செம்புக் கம்பியால் முறுக்கி இணைத்திருந்தார்கள். இனி மிதவை விழுந்தாலும் பெட்டிக்குத் தெரியாது. தண்ணீர் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதாகவே அது நம்பும். ஒரு தடவைக்கு இவ்வளவு நேரத்துக்கு மேல் மருந்து போகக் கூடாது என்று நான் வைத்திருந்த வரம்பையும் எடுத்துவிட்டிருந்தார்கள். அதுவும் கத்தியதாம். பூஜை நடந்த பகலிலிருந்து மறுநாள் காலை வரை, நின்ற தண்ணீரில் குளோரினும் அமிலமும் குறைகின்றனவே என்று பதறி, அந்த அப்பாவிப் பெட்டி இரண்டு கேன்களிலிருந்தும் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறது.

அந்தக் கம்பித் துண்டின் மேல் ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம்.

"இது யார் வெச்சது?"

"நான்தானுங்க. எல்லாத்துக்கும் வெச்சமுங்க, மூடியத் தொறந்து அதுக்கும் வெச்சமுங்க." குரல் இறங்கியது. "கம்பியும் நான்தான் போட்டேனுங்க. போன்ல சொல்லச் சொல்ல, செக்ரட்டரி சார் லைட் அடிச்சாருங்க. சத்தத்துக்குத்தான் அதுன்னு சொன்னாங்க. அம்மாவுக்கு இப்படி ஆகும்னு..."

அவரைத் திட்ட வாய் வரவில்லை. திட்ட வேண்டியவர் அன்று மாலை ஆப்பிளும் மாதுளையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"அம்மா, இப்போ பர்வாயில்லயா? ஏதோ சாமுண்டி தாயி காப்பாத்தினா."

"சாமுண்டி காப்பாத்தறதுக்கு முன்னாடி கம்பியை எடுத்திருந்தா அவளுக்கும் வேலை மிச்சம்" என்றேன்.

"சார், கோபம் பேடா. ஒரே ஒரு நாள். ஒரே ஒரு நாள் பம்புக்கு ரெஸ்ட் குடுத்தோம். யாருக்குத் தெரியும்? இனிமே சீனியர் சிட்டிசன்ஸ் சொந்தப் பொறுப்பில் இறங்கறோம்னு ஒரு கையெழுத்து வாங்கிக்கலாம்னு கமிட்டில பேச்சு. எல்லாருக்கும் சேஃப்டி."

நான் எழுந்துவிட்டேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. ஆலையில் கூட அப்படிப் பேசியதில்லை. என் மனைவி கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னாள். இன்னும் கரகரப்பு போகாத குரலில் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீங்க அந்தக் குளத்துல இறங்கியிருக்கீங்களா?"

"நானா? இல்லம்மா. எனக்கு ஈஜு வராது, நீச்சல் தெரியாது. தண்ணியே ஆகாது."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பழங்களை எடுத்து உள்ளே வைக்கச் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் குளத்துக்குப் போகவில்லை. இருமல் நின்றது, மூச்சு சரியானது, டாக்டர் போகலாம் என்றார். "நாளைக்குப் பார்க்கலாம்" என்பாள். ஒரு காலை படி வரை வந்தாள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேற்குச் சுவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள், திரும்பிவிட்டாள். நாள் போகப் போக முழங்கால்கள் பழையபடி இறுகின. அடுப்புக்கு முன்னால் ஒரு நாற்காலி வந்தது. குளியலறைச் சுவரில் பிடிக்கக் கம்பி வந்தது. கடைசியில் காபி கலக்கவும் அவள் எழுந்திருக்கவில்லை; நான்தான் கலந்தேன், அவள் அதைக் குறை சொல்லாமல் குடித்தாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. என் காபியைக் குறை சொல்லாத மனைவியை நான் பார்த்ததே இல்லை.

கமிட்டி கூட்டத்தில் நான் அந்தச் செம்புக் கம்பியை மேஜைமேல் வைத்தேன், பொட்டோடு. கருவியை எடுத்துவிட்டுப் பழையபடி வாளிக்கே போய்விடலாம் என்றார் ஒருவர். கருவி என்ன குற்றம் செய்தது? நான் சொல்கிறபடி கருவியை மறுபடி பொருத்தாவிட்டால் இந்தக் கம்பியோடு போக வேண்டிய இடங்களுக்கெல்லாம் போவேன் என்றேன். எங்கெங்கே போக வேண்டும், யாரிடம் எந்த வரிசையில் கொடுக்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம் என்பதையும் சொன்னேன். ஒத்துக்கொண்டார்கள்.

இன்ஜினியர் மறுபடியும் வந்தார், இந்தத் தடவை இரண்டு அளவுத் திரவங்களோடு. மிதவையை இணைத்தோம், கால வரம்பை வைத்தோம். குட்டி பம்புகளுக்கான மின்சாரத்தையே பெரிய பம்பின் ஸ்டார்ட்டரிலிருந்து எடுக்கச் செய்தேன். பெரியது நின்றால் சின்னவற்றுக்கு உயிரே கிடையாது, எவன் எந்தக் கம்பியை முறுக்கினாலும். அலறலைச் செக்யூரிட்டி அறைக்கு மாற்றினோம். முதலிலேயே யாராவது கேட்டிருந்தால் அதை அன்றே சொல்லியிருப்பேன். பிறகு பம்பை நிறுத்தி வைத்து, காலை முழுவதும் குட்டி பம்புகளுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒரு சொட்டு நகரவில்லை.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "இனிமே பயமில்லை. நானே பார்த்தேன்."

"போன தடவையும் நீங்கதானே பார்த்தீங்க?"

"நான் பார்த்துட்டு வந்த பிறகுதானே கம்பி போட்டாங்க!"

"அதைத்தான் சொல்றேன். கம்பி போடறவர் வந்து என் இடத்துல நிக்கட்டும். பம்பை நிறுத்தி வெச்சுட்டு, அவர் நிக்கறப்போ போடுங்க. அப்புறம் நான் இறங்கறேன்."

இப்படி ஒரு சோதனை எந்த நடைமுறையிலும் கிடையாது என்றேன். ஆளை நிறுத்திச் சோதிப்பது நடைமுறைக்கே விரோதம் என்றேன். "உங்க நடைமுறை உங்களோட" என்றாள். காலையில் குளத்தைச் சுற்றி நடக்கிறவர்கள் காதுபட அவளே செயலாளரிடம் கேட்டாள். அத்தனை பேருக்கு முன்னால் அவரால் மறுக்க முடியவில்லை.

"சைனஸ் இருக்கும்மா எனக்கு."

"எனக்கு மூட்டு இருக்கு சார். வாங்க."

மகனுடைய அரைக்கால் சட்டையில் வந்தார். படியில் கால் வைக்கப் போனவரைக் குளத்துக்காரர் மறித்தார். "தொப்பி இல்லாம இறங்கக்கூடாதுங்க சார். நீங்க போட்ட ரூல்தானுங்க." ஒரு ரப்பர் தொப்பி கிடைத்தது, ஊதா நிறத்தில். அதை மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து, மேற்குச் சுவர்க் குழாய் வாய்க்கு முன்னால் போய் நின்றார். என் மனைவி ஊன்றுகோலோடு கரையில் நின்றாள். பம்பை விடியலிலேயே நிறுத்தியிருந்தேன், பெட்டி நீலமாக எரிந்துகொண்டிருந்தது. எல்லாம் அன்றைக்கு மாதிரியே. நான் கையைக் காட்டினேன். குளத்துக்காரர் பம்பைப் போட்டார்.

குமிழிகள் வந்தன. செயலாளர் கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டார். அந்த ஒரு நொடி எனக்குத் தேவையாக இருந்தது. அது நல்ல குணம் இல்லை என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். வெறும் காற்று, பிறகு தெளிந்த தண்ணீர், வேகமாக.

"மூச்சை விடுங்க சார்" என்றாள் அவள். "விட்டுப் பாருங்க."

விட்டார். இழுத்தார். கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்து, "ஒண்ணும் இல்ல சார்" என்றார், ஏதோ நான்தான் இத்தனை நாள் சும்மா கத்தியதுபோல. எனக்கு மறுபடியும் ரத்தம் ஏறியது. அதற்குள் என் மனைவி ஊன்றுகோலைப் பெஞ்சில் சாய்த்துவிட்டுப் படியில் இறங்கியிருந்தாள். இடுப்பளவு தண்ணீர் வந்ததும் கைப்பிடிக் கம்பியை விட்டாள். கையை வீசி, மெதுவாக, நேரே அவரிடம் நடந்தாள்.

"கொஞ்சம் நகருங்க" என்றாள். "அது என் இடம்."